வைஃபையும் நாட்டு வானொலி விதிகளும்: லினக்ஸில் சரியாக அமைக்க ஒரு வழிகாட்டி

ஒரே வைஃபை சிப் உலகின் எல்லாச் சந்தைகளுக்கும் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 14 சேனல்களிலும் அலை அனுப்பும் திறன் அதற்கு உண்டு. ஆனால் அமெரிக்காவில் வீட்டுக் கருவிகள் 1 முதல் 11 வரையான சேனல்களோடு நின்றுவிடுகின்றன. ஐரோப்பாவில் 13 வரை போகலாம். 14ஆம் சேனல் ஜப்பானுக்கு மட்டும் உரியது, அங்கேயும் பழைய 802.11பி முறைக்குத்தான். 5 கிகாஹெர்ட்ஸில் வேறுபாடுகள் இன்னும் அதிகம்: சில துண்டுகளை ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும், சிலவற்றைக் கட்டடத்துக்கு வெளியே பயன்படுத்தக் கூடாது. தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது சிப்புக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு, அந்நாட்டு வரம்புக்குள் ரேடியோவை நிறுத்தி வைப்பது மென்பொருளின் வேலை.

லினக்ஸில் அந்த வேலை எப்படி நடக்கிறது, அதை எப்படிச் சரியாக அமைப்பது, தடுமாறும்போது எங்கே பார்ப்பது என்பதே இந்தக் கட்டுரை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். நாட்டுக் குறியை மட்டும் பெரிய எழுத்தில் கொடுங்கள்.

அனுமதி எங்கிருந்து வருகிறது

ஒரு சேனலில் அலை அனுப்பலாமா என்ற கேள்விக்கு லினக்ஸ் நான்கு இடங்களில் விடை தேடுகிறது.

முதலாவது, சிப்பின் நினைவகம். தொழிற்சாலையிலேயே அதில் ஒரு நாட்டுக் குறியோ பகுதிக் குறியோ எழுதப்பட்டிருக்கும். சான்றிதழ் சோதனையில் பட்டையின் ஓரங்களில் எவ்வளவு சக்தி வரை தேறியது என்ற வரம்பும் அங்கே இருக்கலாம். சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் இதைப் படித்து, லினக்ஸின் மையமான கர்னலிடம் சொல்கிறது.

இரண்டாவது, கர்னலுக்குள் சிஎஃப்ஜி80211 என்ற பகுதி படிக்கும் விதித் தரவுத்தளம். வயர்லெஸ்-ரெக்டிபி என்ற திட்டம் இதைப் பராமரிக்கிறது.

மூன்றாவது நீங்கள். ‘இந்தக் கணினி ஜெர்மனியில் இருக்கிறது’ என்று நாட்டுக் குறி கொடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

நான்காவது, நீங்கள் இணைந்திருக்கும் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை தரும் ரூட்டர் போன்ற கருவி. 2001இல் வந்த 802.11டி என்ற தரத்தின்படி, ஆக்சஸ் பாயிண்ட் தன் இருப்பை அறிவிக்க அடிக்கடி அனுப்பும் பீக்கன் என்ற சிறு செய்தியிலேயே நாட்டின் பெயரையும் சேனல் வரம்புகளையும் அறிவிக்கலாம். இணைப்பு நீடிக்கும்வரை கர்னல் அதையும் கணக்கில் எடுக்கும். இணைப்பு அறுந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்த நால்வரும் ஒத்துப்போகாதபோது நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல்கள் தீர்ந்துவிடும். பொதுவாக எல்லாரும் அனுமதிப்பது மட்டுமே மிஞ்சும். சிப்பில் அமெரிக்கா என்று எழுதியிருக்க, நீங்கள் ஜெர்மனி என்று சொன்னால் 13ஆம் சேனல் திறந்துவிடாது. இரண்டு நாட்டு விதிகளின் பொதுப்பகுதிதான் கிடைக்கும். நாட்டுக் குறியை மாற்றி வரம்பைக் குறுக்க முடியும், சிப் அனுமதித்த எல்லையைத் தாண்டி விரிக்க முடியாது. லினக்ஸ் வேண்டுமென்றே இப்படி வடிவமைக்கப்பட்டது. திறந்த மூல டிரைவர்களைத் தயாரிப்பாளர்கள் நம்பி ஆதரிக்க முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

யாருமே எதுவும் சொல்லாவிட்டால் கர்னல் ‘00’ என்ற உலகப் பொது விதித்தொகுப்பை எடுத்துக்கொள்ளும். அதில் 1 முதல் 11 வரையான சேனல்கள் 20 டிபிஎம் (100 மில்லிவாட்) சக்தியில் திறந்திருக்கும். 12, 13 சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸ் முழுவதிலும் ‘நோ-ஐஆர்’ என்ற குறி இருக்கும். அந்தக் குறியுள்ள சேனலில் நீங்களாக முதலில் அலை எழுப்பக் கூடாது என்று பொருள். காது கொடுத்துக் கேட்கலாம், அங்கே ஏற்கெனவே இயங்கும் ஆக்சஸ் பாயிண்ட்டோடு இணையலாம். ஆனால் ஹாட்ஸ்பாட் தொடங்க முடியாது. உலகத் தொகுப்பில் இருக்கும்போது, ரேடார் கட்டுப்பாடு இல்லாத ஒரு சேனலில் வேறொருவரின் பீக்கன் காதில் விழுந்தால், அந்தச் சேனலுக்கு மட்டும் கர்னல் இந்தத் தடையைத் தளர்த்தும். நேற்று வேலை செய்த 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் இன்று வேறிடத்தில் எழாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

தரவுத்தளத்தின் ஒரு வரியை வாசிப்பது எப்படி

தரவுத்தளத்தின் மூலம் ஒரு சாதாரண உரைக்கோப்புதான். ஒவ்வொரு நாட்டுக்கும் சில வரிகள். ஒவ்வொரு வரியிலும் தொடக்க அலைவெண், முடிவு அலைவெண், அனுமதிக்கப்பட்ட அதிகபட்சச் சேனல் அகலம், அதிகபட்சச் சக்தி, பிறகு நிபந்தனைக் குறிகள். ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், திரையில் கிடைப்பது இந்தப் பொருளில் இருக்கும்:

2400–2483 மெகாஹெர்ட்ஸ், 40 அகலம், 20 டிபிஎம்.
5150–5250, 80 அகலம், 23 டிபிஎம், நோ-அவுட்டோர், ஆட்டோ-பிடபிள்யூ.
5250–5350, 80 அகலம், 20 டிபிஎம், நோ-அவுட்டோர், டிஎஃப்எஸ், ஆட்டோ-பிடபிள்யூ.
5470–5725, 160 அகலம், 26 டிபிஎம், டிஎஃப்எஸ்.

நோ-அவுட்டோர் என்றால் கட்டடத்துக்குள் மட்டும். டிஎஃப்எஸ் என்றால் ரேடார் இருக்கிறதா என்று கவனித்த பிறகே பேச வேண்டும். ஆட்டோ-பிடபிள்யூ என்றால், அடுத்தடுத்த இரண்டு வரிகளை ஒன்றுசேர்த்து அகலமான சேனல் அமைக்கலாம். மேலே இரண்டாம், மூன்றாம் வரிகள் தனித்தனியாக 80 மெகாஹெர்ட்ஸ்தான் என்றாலும், 36 முதல் 64 வரை 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் எழுவது இந்தக் குறியால்தான்.

சட்டப் புத்தகத்தில் 5250–5350க்கு 200 மில்லிவாட் என்று பார்த்தவர்கள் இங்கே 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் என்று கண்டு குழம்புவதுண்டு. தரவுத்தளம் தவறவில்லை. சக்தியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் டிபிசி வசதி உள்ள கருவிக்கே முழு அளவு. அது இல்லாத கருவி 3 டெசிபெல் குறைவாக இயங்க வேண்டும். எல்லாக் கருவிக்கும் பொருந்தும்படி குறைந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. 5470–5725 பட்டையில் 1 வாட்டுக்குப் பதிலாக 500 மில்லிவாட் இருப்பதும் இதனால்தான். 500 மில்லிவாட் என்பது 26.99 டிபிஎம். முழு எண்ணாக வெட்டப்படும்போது 26 என்று தெரிகிறது.

படி 1: இப்போதைய நிலையைப் பாருங்கள்

ஐடபிள்யூ என்பது வைஃபையைப் பார்க்கவும் அமைக்கவும் உதவும் கட்டளை. எதையும் மாற்றுவதற்கு முன் ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ என்று கொடுங்கள். ‘குளோபல்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு நாட்டுக் குறி வரும். கூடவே பிஎச்ஒய்0, பிஎச்ஒய்1 என்று ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனித் தொகுப்பு வரலாம். இரண்டும் வேறுபட்டால் அந்த ரேடியோவைப் பொறுத்தவரை அதன் கீழே உள்ளதே செல்லும்.

நாட்டுக் குறி இருக்க வேண்டிய இடத்தில் 00 என்றால் உலகத் தொகுப்பு. 98 என்றால் இரண்டு தொகுப்புகளின் பொதுப்பகுதி, அதாவது எங்கோ இரண்டு பேர் வேறுவேறு நாடு சொல்லியிருக்கிறார்கள். 99 என்றால் டிரைவர் தனக்கென்று வைத்திருக்கும் பொதுத் தொகுப்பு. ரேடியோவின் பெயருக்குப் பக்கத்தில் ‘செல்ஃப்-மேனேஜ்டு’ என்று இருந்தால், அந்தக் கருவி விதிகளைத் தனக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே தீர்மானிக்கிறது. உங்கள் கட்டளை அதை எட்டாது. இன்டெல் கார்டுகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

படி 2: தரவுத்தளம் ஏறியிருக்கிறதா?

4.15 பதிப்பு முதல் லினக்ஸ் கர்னல் தரவுத்தளத்தை நேரடியாகப் படிக்கிறது. ஃபர்ம்வேர் அடைவில் ‘ரெகுலேட்டரி.டிபி’ என்ற கோப்பும், அதே பெயரோடு ‘.பி7எஸ்’ என்று முடியும் கையொப்பக் கோப்பும் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கர்னல்களில் சிஆர்டிஏ என்ற தனி நிரல் இந்த வேலையைச் செய்தது. இணையத்தில் சிஆர்டிஏவை நிறுவச் சொல்லும் குறிப்புகள் அந்தக் காலத்தவை. புதிய கணினியில் அவை தேவையில்லை.

கர்னல் பதிவில் ரெகுலேட்டரி.டிபியை ஏற்ற முடியவில்லை, பிழை எண் –2 என்று வந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் வயர்லெஸ்-ரெக்டிபி தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு இருந்தும் அதே பிழை வந்தால், சிஎஃப்ஜி80211 கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டு, மூலக் கோப்பு முறைமை ஏறுவதற்கு முன்பே கோப்பைத் தேடியிருக்கும். சிறு கணினிகளுக்குச் சொந்தமாகக் கர்னல் கட்டுபவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். தீர்வு மூன்று: அதை மாட்யூலாகக் கட்டலாம், தரவுத்தளத்தைத் தொடக்க ராம் படிமத்தில் சேர்க்கலாம், அல்லது கூடுதல் ஃபர்ம்வேர் என்று கர்னலோடு சேர்த்தே கட்டலாம்.

கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது கையொப்பம் செல்லாது என்ற செய்தி வேறு வகை. டெபியனில் இரண்டு கையொப்பங்களோடு தரவுத்தளம் வருகிறது: ஒன்று டெபியன் கையொப்பமிட்டது, மற்றது மூலத் திட்டத்தினுடையது. டெபியன் கர்னலுக்கு முதலாவது பொருந்தும். நீங்களே கட்டிய கர்னலில் டெபியனின் சாவி இருக்காது, ஆகவே அது நிராகரிக்கப்படும். ‘அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ்’ மூலம் ரெகுலேட்டரி.டிபியை ‘அப்ஸ்ட்ரீம்’ என்று முடியும் கோப்புக்கு மாற்றுங்கள். பிறகு ‘ஐடபிள்யூ ரெக் ரீலோட்’ கொடுத்தால் மறுதொடக்கம் இல்லாமலே தரவுத்தளம் மீண்டும் படிக்கப்படும்.

படி 3: நாட்டுக் குறியைக் கொடுத்துச் சோதியுங்கள்

நிர்வாகி உரிமையோடு ‘ஐடபிள்யூ ரெக் செட்’ என்று கொடுத்து, நாட்டின் ஈரெழுத்துக் குறியைச் சேருங்கள். ஐஎஸ்ஓ 3166 தரத்தின் குறியாக இருக்க வேண்டும். ஜெர்மனிக்கு டிஇ, ஜப்பானுக்கு ஜேபி. பிரிட்டனுக்கு ஜிபி, பேச்சுவழக்கில் சொல்லும் யுகே அல்ல. தரவுத்தளத்தில் இல்லாத குறியைக் கொடுத்தால் திரையில் பிழை எதுவும் வராமலே பழைய நிலை நீடிக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு முறையும் ‘ரெக் கெட்’ கொடுத்து உறுதிசெய்யுங்கள். இன்னொரு முனையத்தில் ‘ஐடபிள்யூ ஈவென்ட்’ ஓடவிட்டால், விதித்தொகுப்பு எப்போது, யார் சொல்லி மாறியது என்பது வரியாகத் தெரியும். பயனர், டிரைவர், நாட்டு அறிவிப்பு என்று மூலமும் அதில் இருக்கும். சிக்கல் தேடும்போது இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

படி 4: நிலைநிறுத்துங்கள்

மேலே சொன்ன கட்டளை மறுதொடக்கத்தோடு மறைந்துவிடும். நிலையாக வைக்கப் பல இடங்கள் உள்ளன. வைஃபையில் இணைய டபிள்யூபிஏ_சப்ளிகண்ட் என்ற நிரலைப் பயன்படுத்தினால் அதன் அமைப்புக் கோப்பில் ‘கன்ட்ரி=’ வரி. அதே வேலையைச் செய்யும் ஐடபிள்யூடி என்றால் அதன் முதன்மைக் கோப்பில் ‘ஜெனரல்’ பிரிவின் கீழ் ‘கன்ட்ரி’ வரி (இங்கே இவ்விரு சொற்களின் முதலெழுத்தும் பெரிய எழுத்து). இவை எதுவும் வேண்டாம் என்றால் மோட்புரோப் அடைவில் ஒரு கோப்பு வைத்து, சிஎஃப்ஜி80211 மாட்யூலுக்கு ‘ஐஇஇஇ80211_ரெக்டாம்’ என்ற அளவுருவில் நாட்டுக் குறியைக் கொடுக்கலாம். லினக்ஸ் அடிப்படையிலான ஓபன்டபிள்யூஆர்டி ஓடும் ரூட்டரில் ஒவ்வொரு ரேடியோவின் கீழும் ‘கன்ட்ரி’ விருப்பம் உண்டு. இரண்டு ரேடியோக்களுக்கும் ஒரே நாட்டைக் கொடுங்கள். ராஸ்ப்பெர்ரி பை கணினியில் ‘ராஸ்பி-கான்ஃபிக்’ நிரலின் வட்டார அமைப்புப் பகுதியில் வைஃபை நாடு இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள பை கருவிகளில் நாடு தெரிவு செய்யும்வரை வைஃபை ‘ஆர்எஃப்கில்’ மூலம் அணைக்கப்பட்டிருக்கும். கருவி பழுது என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுதுங்கள். இரண்டு இடங்களில் வேறுவேறு நாடு இருந்தால் எந்த நிரல் பின்னால் தொடங்கியதோ அதன் சொல் நிற்கும். அந்த வரிசை ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

படி 5: சேனல் வாரியாகச் சரிபாருங்கள்

‘ஐடபிள்யூ பிஎச்ஒய் பிஎச்ஒய்0 சேனல்ஸ்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு சேனலுக்கும் இறுதி முடிவு கிடைக்கும்: அணைக்கப்பட்டதா, நோ-ஐஆர் உண்டா, ரேடார் கண்காணிப்பு தேவையா, அதிகபட்சச் சக்தி எவ்வளவு. நால்வரின் சொல்லையும் சேர்த்துக் கழித்த பிறகு மிஞ்சியது இதுதான். நாட்டு விதியில் இருக்கும் சேனல் இங்கே அணைக்கப்பட்டிருந்தால், சிப்போ டிரைவரோ தடுக்கிறது என்று முடிவுகட்டலாம்.

சேனல் எண்ணுக்கும் அலைவெண்ணுக்கும் உள்ள உறவு எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸில் எண்ணை 5ஆல் பெருக்கி 2407ஐக் கூட்டினால் நடு அலைவெண் மெகாஹெர்ட்ஸில் வரும். 14 மட்டும் விதிவிலக்காக 2484இல் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் எண்ணை 5ஆல் பெருக்கி 5000ஐக் கூட்டுங்கள்: 36 என்பது 5180, 100 என்பது 5500.

படி 6: ஆக்சஸ் பாயிண்ட் எழுப்புவது

கணினியை ஆக்சஸ் பாயிண்ட்டாக்கும் ஹோஸ்ட்ஏபிடி நிரலின் அமைப்புக் கோப்பில் விதிகள் தொடர்பாக மூன்று வரிகள் முக்கியம். ‘கன்ட்ரி_கோட்’ நாட்டைச் சொல்கிறது. ‘ஐஇஇஇ80211டி=1’ பீக்கனில் நாட்டு அறிவிப்பைச் சேர்க்கிறது. ‘ஐஇஇஇ80211எச்=1’ ரேடார் கண்காணிப்பையும் சேனல் மாற்ற அறிவிப்பையும் இயக்குகிறது. இவை ஒன்றை ஒன்று சார்ந்தவை. நாட்டுக் குறி இல்லாமல் ‘டி’ வரியை ஏற்காது, ‘டி’ இல்லாமல் ‘எச்’ வரியை ஏற்காது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு ‘எச்டபிள்யூ_மோட்=ஏ’ என்றும் விரும்பிய சேனலையும் கொடுங்கள். முதன்முறை அமைப்பவர்கள் 36இல் தொடங்குவது நல்லது. பெரும்பாலான நாடுகளில் அங்கே ரேடார் காத்திருப்பு இல்லாததால், எழாவிட்டால் காரணத்தைத் தேடுவது எளிது.

2.4 கிகாஹெர்ட்ஸில் பல நாட்டுக்காரர்கள் வந்துபோகும் இடம் என்றால் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். 13இல் வைத்த ஆக்சஸ் பாயிண்ட், அமெரிக்க விதியில் இயங்கும் மடிக்கணினியின் பட்டியலில் தோன்றவே தோன்றாது. அதன் உரிமையாளர் உங்கள் ரூட்டரில்தான் கோளாறு என்பார்.

ரேடார்: பொறுமையோடு புரிந்துகொள்ள வேண்டிய இடம்

2003இல் நடந்த உலக வானொலி மாநாடு 5150–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளைக் கம்பியில்லா வலையமைப்புகளுக்குத் திறந்தது. அவற்றின் பெரும்பகுதியில் வானிலை ரேடார்களும் இராணுவ ரேடார்களும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தன. ஆகவே வைஃபை விலகிப்போக வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அதுதான் டிஎஃப்எஸ். நடைமுறை தோற்றால் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், விமான நிலையத்துக்குக் காற்றுமாற்ற எச்சரிக்கை தரும் வானிலை ரேடாரின் திரையில் கம்பியில்லாக் கருவிகளின் குறுக்கீடு கண்டறியப்பட்டது. அந்த வகை ரேடார்கள் 5600–5650 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. விமானம் இறங்கும் நேரத்தில் விமானி நம்பியிருக்கும் தகவல் அது. இந்த விதியை எரிச்சலூட்டும் தடையாகப் பார்ப்பவர்கள் ஒருமுறை அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

டிஎஃப்எஸ் சேனலில் ஆக்சஸ் பாயிண்ட் தொடங்கும்போது முதலில் 60 விநாடி வாய்மூடிக் கேட்கிறது. ஐரோப்பிய விதியில், சேனல் 5600–5650 பகுதியைத் தொட்டால் இந்தக் காத்திருப்பு 10 நிமிடம். இங்கேதான் அகலக் கணக்கு முக்கியமாகிறது. 100ஆம் சேனலில் 80 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் 5490 முதல் 5570 வரை, எனவே ஒரு நிமிடம் போதும். அதையே 160 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 5650 வரை நீண்டு, பத்து நிமிடம் ஆகிவிடும். ஹோஸ்ட்ஏபிடி பதிவில் ‘டிஎஃப்எஸ்-சிஏசி-ஸ்டார்ட்’ என்ற வரி வந்து அமைதியாக இருந்தால், தொங்கிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தித் தொடங்கினால் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து.

இயங்கும்போது ரேடார் துடிப்பு கேட்டால், 10 விநாடிக்குள் அந்தச் சேனலை விட்டு வெளியேற வேண்டும். ஆக்சஸ் பாயிண்ட் தன் கருவிகளுக்குச் சேனல் மாற்ற அறிவிப்பை அனுப்பிவிட்டு நகர்கிறது. விட்டுவந்த சேனலை அடுத்த 30 நிமிடம் தொடக் கூடாது. பதிவில் ‘டிஎஃப்எஸ்-ரேடார்-டிடெக்டட்’ என்றும், அரைமணி கழித்து ‘டிஎஃப்எஸ்-என்ஓபி-ஃபினிஷ்டு’ என்றும் பார்ப்பீர்கள்.

ரேடாரே இல்லாத இடத்தில் இந்தச் செய்தி அடிக்கடி வந்தால் பொய்க் கண்டறிதலாக இருக்கலாம். அருகிலுள்ள வலுவான அலைபரப்பியின் சிதறலைச் சிப் ரேடார் துடிப்பாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆக்சஸ் பாயிண்ட்டுகள் இரண்டை ஒட்டி வைத்திருந்தால் தள்ளி வையுங்கள், டிரைவரையும் ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள், சேனல் அகலத்தைக் குறையுங்கள். கண்டறிதலை அணைக்கும் திருத்தங்களைத் தேடிப் போகாதீர்கள். அவற்றைப் போட்டதும் கருவி பெற்ற சான்றிதழ் பொருளற்றுப்போகிறது, பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

டிஎஃப்எஸ் சேனல் நாட்டு விதியில் இருந்தும் ஆக்சஸ் பாயிண்ட் எழவே மறுத்தால், டிரைவருக்கு அந்தத் திறன் இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி வைஃபைக் குச்சிகளின் டிரைவர்கள் பலவற்றில் ரேடார் கண்டறிதல் இல்லை. ஏத்9கே போன்ற டிரைவர்களில் நிரல் இருந்தும், சான்றிதழ்ப் பொறுப்பை ஏற்பதாகச் சொல்லும் கர்னல் அமைப்பைக் கட்டும்போதே தெரிவு செய்யாவிட்டால் அது செயல்படாது.

இணையும் கருவிக்கும் இதில் ஒரு விளைவு உண்டு. டிஎஃப்எஸ் சேனலில் மடிக்கணினி தானாக ‘யார் இருக்கிறீர்கள்’ என்று கேட்டு அலை அனுப்பக் கூடாது. பீக்கன் வரும்வரை ஒவ்வொரு சேனலிலும் காத்திருக்க வேண்டும். பீக்கன்கள் வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும். இதனால்தான் இத்தகைய சேனல்களில் இணைய நேரம் எடுக்கிறது. வலையமைப்பின் பெயரையும் மறைத்து வைத்தால் கண்டுபிடிப்பது மேலும் கடினமாகும்.

சக்திக் கணக்கு

தரவுத்தளம் சொல்லும் டிபிஎம், ஆண்டெனாவிலிருந்து வெளியேறும் பயனுறு சக்தி. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் சக்தி இரட்டிக்கும், 10க்குப் பத்து மடங்கு: 20 டிபிஎம் 100 மில்லிவாட், 23 என்பது 200, 30 என்பது 1 வாட். நீங்கள் மாற்றிப் பொருத்திய ஆண்டெனாவைப் பற்றி மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. அந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். வரம்பு 20 டிபிஎம், ஆண்டெனா ஈட்டம் 9 டெசிபெல், கேபிளில் இழப்பு 1 டெசிபெல் என்றால் ரேடியோ தர வேண்டியது 20–9+1, அதாவது 12 டிபிஎம். ‘ஐடபிள்யூ டெவ் டபிள்யூலான்0 செட் டிஎக்ஸ்பவர் ஃபிக்ஸ்டு 1200’ என்று கொடுங்கள். இந்தக் கட்டளை டிபிஎம்மின் நூறில் ஒரு பங்கை அலகாக எடுக்கிறது. 12 என்று மட்டும் கொடுத்தால் கிட்டத்தட்டப் பூஜ்ய டிபிஎம் கேட்டதாகிவிடும், அதாவது ஒரு மில்லிவாட்.

அதிகச் சக்தி கிடைக்கும் என்று வேறு நாட்டுக் குறியைப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் அதில் பலன் குறைவு. வரம்பை மீறித் தள்ளும்போது பெருக்கியின் அலை சிதைந்து, வேகமான பண்பேற்ற முறைகள் முதலில் தோற்கும். இன்னொன்று, உரையாடல் இருவழி: ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், கைபேசியின் சிறிய ஆண்டெனாவிலிருந்து வரும் பதில் அதே மெல்லிய பதில்தான். கூடவே உங்கள் பீக்கன் தவறான நாட்டை அறிவித்து, இணையும் கருவிகளின் வரம்பையும் குழப்பும். தூரம் வேண்டுமென்றால் ஆக்சஸ் பாயிண்ட்டை நல்ல இடத்துக்கு நகர்த்துங்கள், அல்லது இன்னொன்றைச் சேருங்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கா 2020இல் 5925–7125 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் 5945–6425 பகுதியைத் திறந்தது. அமெரிக்க உள்ளரங்க ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு வரம்பு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 5 டிபிஎம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 18 டிபிஎம், 80இல் 24, 160இல் 27 என்று அகலத்தோடு மொத்தச் சக்தி கூடுகிறது. இங்கே அகலத்தைக் குறைத்தால் எட்டும் தூரம் கூடும் என்ற பழைய அனுபவம் பொருந்தாது.

செல்ஃப்-மேனேஜ்டு கார்டுகள்

இன்டெல் கார்டுகளின் ஃபர்ம்வேர் சுற்றியுள்ள அறிகுறிகளைக் கொண்டு தன் நாட்டைத் தானே ஊகிக்கிறது. உறுதியாகும்வரை 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் நோ-ஐஆர் நீடிக்கும். அதனால் இத்தகைய மடிக்கணினியில் 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் எழாது. இந்த ஊகத்தை அணைக்க முன்பு ஒரு மாட்யூல் அளவுரு இருந்தது, புதிய கர்னல்களில் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆக்சஸ் பாயிண்ட் தேவை என்றால் அதற்கென்றே வேறு கார்டு வாங்குவதுதான் நேர்வழி. நாட்டுக் குறியோடு போராடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தரவுத்தளமே பழையதாக இருந்தால்

விதிகள் மாறுகின்றன. அமெரிக்காவில் 5150–5250 பட்டைக்கு இருந்த உள்ளரங்கக் கட்டுப்பாடு 2014இல் நீங்கியது. அதற்கு முந்தைய தரவுத்தளம் உள்ள ரூட்டர் இன்றும் பழைய சட்டத்தையே கடைப்பிடிக்கும். வயர்லெஸ்-ரெக்டிபி தொகுப்பு கர்னலிலிருந்து தனியானது, கர்னலை மாற்றாமலே இதை மட்டும் புதுப்பிக்கலாம். பல ஆண்டு இயங்கும் ரூட்டர்களில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதன் தேதி.

உரைக்கோப்பை நீங்களே திருத்திக் கட்டினால் கையொப்பம் மாறிவிடும், கர்னல் ஏற்காது. உங்கள் சாவியையும் கர்னலோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். சோதனைக் கூடத்துக்கு அது சரி. உங்கள் நாட்டின் வரி உண்மையிலேயே தவறு என்றால் மூலத் திட்டத்துக்கே திருத்தம் அனுப்புங்கள். ஒழுங்குமுறை அமைப்பின் அதிகாரபூர்வ ஆவணத்துக்கான இணைப்பு, அதில் எந்தப் பிரிவு எந்த எண்ணைச் சொல்கிறது என்ற விளக்கம், சக்தி எந்த அளவையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற தெளிவு, இவை மூன்றும் திருத்தத்தோடு இருக்க வேண்டும். ஆவணம் வேறு மொழியில் இருந்தால் தொடர்புடைய பத்தியின் மொழிபெயர்ப்பையும் சேருங்கள். ஏற்கப்பட்டு அடுத்த வெளியீட்டில் வந்ததும், தொகுப்பைப் புதுப்பித்து ‘ஐடபிள்யூ ரெக் ரீலோட்’ கொடுத்து, ‘ரெக் கெட்’டில் புதிய வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.